காயாத துணி

சாவு நடந்த அறையில் வாயை அடக்க வேண்டும் என்பார் மேடம். எனக்கு அது வராது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு அதிகமாகும். அதனால்தான் அவர் எனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். இப்போது வீட்டில் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். பெற்றோர் வைத்த பேரை நானே சில நேரம் யோசித்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

அன்று காலை மியூசியத்தின் கீழ்த்தளத்தில், ஜாடி அறையில் நின்றபோது ரேடியோ முழுச் சத்தத்தில் ஓடியது.

நீளமான அறை. சுவரே தெரியாதபடி இரும்பு அலமாரிகள், அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் மூழ்கி நிறம் வெளுத்துப்போன ஏதோ ஒரு பிராணி, அதன் இடுப்பில் நூலால் கட்டிய சின்ன அட்டை. நடுவில் ஒரு ஸ்டீல் மேஜை. மேஜையின் காலடியில் ஒரு பாய் அகலத்துக்குத் தரை வெளுத்துக் கிடந்தது. பிராணிகளைப் பதப்படுத்துகிற ஃபார்மலின் கேன் கவிழ்ந்தது அங்கேதான். அந்தப் பெண் கிடந்ததும் அங்கேதான்.

"இவ்வளவு பேரும் குளிச்சுக்கிட்டிருக்கும்போதே செத்தவங்களா மேடம்?" என்றேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டோர்கீப்பரிடம், "அந்த ஆளைக் காட்டுங்க" என்றார்.

ஆள் என்று அவர் சொன்னது ஒரு நியூட்டை. அப்படி ஒரு பிராணி உலகத்தில் இருப்பது முந்தின நாள்வரை எனக்குத் தெரியாது. உருவத்தில் பல்லி, உறவில் தவளை. ஆசியாவின் மலை ஓடைகளில் கல்லுக்கு அடியில் யாருக்கும் தொந்தரவு தராமல் வாழ்வது. அதற்காக ஒரு கொலை நடந்திருக்கலாம் என்று எங்களிடம் வந்து சொன்னவள், செத்தவளின் தங்கை.

தங்கை ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள். முந்தின நாள் மாலை எங்கள் துப்பறியும் ஆபீஸில் கைப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"இது அக்கா பை. போலீஸ் திருப்பிக் குடுத்தாங்க" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். அக்கா அந்த மியூசியத்தில் நியூட் ஆராய்ச்சி செய்கிறவள். சனிக்கிழமை மத்தியானம் ஜாடி அறைக்குள் போனாள். அன்றும் மறுநாளும் தங்கை ஒரு தோழி வீட்டில் தங்கிவிட்டாள். அக்காவின் கணவர், அவரும் நியூட்காரர்தான், மலையில் ஓடைக்கரை முகாமில் இருந்தார். அதனால் வீட்டில் தேட ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை ஸ்டோர்கீப்பர் கதவைத் திறந்தபோது அக்கா தரையில் கிடந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஃபார்மலின் நெடியில் மூச்சு அடைத்துவிட்டது. உறிஞ்சுகிற பஃப் கைப்பையில் இருந்தது. ஜாடி அறைக்குள் பை கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அதனால் கைப்பை கதவுக்கு வெளியே கொக்கியில் தொங்கியது. சனிக்கிழமை இரவே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். கவனக்குறைவால் விபத்து என்று சொல்லிப் போலீஸ் கையைக் கழுவிக்கொண்டது.

"அக்கா கவனக்குறைவா இருந்து செத்துட்டான்னு எல்லாரும் பேசறாங்க. அவ அப்படிப்பட்டவ இல்ல மேடம். இந்த ஜிப்பைப் பாருங்க. திறந்திருந்துச்சு. அக்கா ஜிப்பை மூடாம ஒரு நாளும் பையை மாட்ட மாட்டா."

"யார் மேல சந்தேகம்?"

"அந்தக் கிழப் பேராசிரியர். அவர் பேர் வச்ச நியூட் ஒண்ணு இருக்கு. அது தனி இனமே இல்லன்னு அக்கா நிரூபிக்கப் போறான்னு அவருக்குத் தெரியும். அத்தான் விட்டுடுன்னு சொல்றார். வயசானவர், பாவம்னு சொல்றார். என்னால முடியல. அம்மா அப்பா போனப்புறம் என்னை வளர்த்தது அக்காவும் அத்தானும்தான். யாருன்னு தெரியாம நான் எப்படி நிம்மதியா சாப்பிடுவேன்?"

மேடம் அந்தத் திறந்த ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சப்புறம் வேண்டாம்னு சொல்ல முடியாதும்மா" என்றார்.

"சொல்ல மாட்டேன்."

அதனால்தான் இந்த அறை, இந்த நாற்றம், இந்த ஜாடிகள்.

ஸ்டோர்கீப்பர் ஒரு ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு சாண் நீளத்தில், வெளிறிப்போய், மெழுகில் செய்தது போல் வழவழவென்று ஒன்று. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கொலைக்குக் காரணம் என்றால் கொஞ்சம் களையாகவாவது இருக்க வேண்டாமா?

"இதுதான் சார் மூல மாதிரி" என்றார். "பேராசிரியர் வாலிபத்துல இதை வச்சுத்தான் புது இனம்னு பேர் வச்சார். மத்த நியூட்டுக்கெல்லாம் விலாவுல வரிசையா மரு இருக்கும். இதுக்குத் தோல் வழுவழுப்பு. அதனால புது இனம். உலகத்துலயே இந்த இனத்துக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"ஒத்தைப் பிள்ளை" என்றேன்.

"ஆமா. இறந்துபோன அம்மாவோட வீட்டுக்காரர் வருஷக்கணக்கா மலை மலையா ஏறி, ஓடை ஓடையாத் தேடினார். உயிரோட ஒண்ணுகூட வழுவழுப்பா கிடைக்கல."

"அவங்க அன்னிக்கு இதை வெளிய எடுத்து வேலை பார்த்தாங்க இல்லையா?" என்றார் மேடம். "எப்படி வச்சிருப்பாங்க? செஞ்சு காட்டுங்க."

அவர் வேறொரு சாதாரண நியூட்டை எடுத்து ட்ரேயில் நீட்டிப் படுக்க வைத்தார். ஒரு துண்டுத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அதன் மேல் போர்வை மாதிரி விரித்தார்.

"அவ்வளவுதான். மேல போடணும். சுத்தக் கூடாது. சுத்தினா விரல் மடங்கும், வால் வளையும். இங்க யாராவது சுத்தினா நானே திட்டுவேன்."

"எவ்வளவு நேரம் ஈரம் நிக்கும்?"

"அப்பப்ப நனைச்சுக்கிட்டே இருக்கணும் மேடம். விட்டா ஒரே ராத்திரியில காஞ்சு செருப்புத்தோலாயிடும்."

"திங்கட்கிழமை காலையில நீங்க பார்க்கும்போது?"

"நல்லவேளை, துணி நல்ல ஈரமா இருந்துச்சு. அந்தப் பதற்றத்துலயும் முதல்ல இதை எடுத்து ஜாடியில போட்டுட்டுத்தான்…"

அவர் நிறுத்திவிட்டார். நானும் அப்போதுதான் புரிந்துகொண்டேன். சனிக்கிழமை இரவு செத்தவள் ஞாயிற்றுக்கிழமை துணி நனைத்திருக்க முடியாது.

மேடம் கையிலிருந்த ஃபைலிலிருந்து போலீஸ் எடுத்த போட்டோ ஒன்றை எடுத்தார். ஸ்டீல் மேஜையின் படம். ஓரத்தில் ட்ரே. ட்ரேயில் துணி விரித்திருக்கவில்லை. பிறந்த குழந்தையைச் சுற்றுவது போல நியூட்டைச் சுற்றி, இரண்டு முனையையும் வயிற்றுக்கு அடியில் செருகி, மூக்கு மட்டும் வெளியே தெரிய விட்டிருந்தது.

"போலீஸ் இதை மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம்னு நினைச்சிருப்பாங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

"இது அம்மா வேலை இல்ல" என்றார் ஸ்டோர்கீப்பர் மெதுவாக. "அவங்க என்கிட்ட பழகினவங்க. விரிக்கத்தான் செய்வாங்க."

"இந்த அறைக்குச் சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. பேராசிரியர்கிட்ட ஒண்ணு. அம்மாவுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒண்ணு. அது திங்கட்கிழமை மேஜை மேலேயே கிடந்துச்சு. இது சாத்தினாலே தானாப் பூட்டிக்கிற கதவு."

"ஞாயித்துக்கிழமை நீங்க?"

"என் பொண்ணு கல்யாணம் மேடம். தெருவே சாட்சி."

ஆக ஒரு சாவி அறைக்குள்ளே, ஒரு சாவி கல்யாண மண்டபத்தில். மிச்சம் இருந்தது மேல்மாடியில், பேராசிரியரிடம்.

"கேஸ் முடிஞ்சுது மேடம்" என்றேன் படியேறும்போது. "கிழவர் ஞாயித்துக்கிழமை வந்து தன் ஒத்தைப் பிள்ளைக்குப் போர்வை போத்திட்டுப் போயிருக்கார்."

"பேசாம வா" என்றார் மேடம்.

பேராசிரியரை மாணவர்கள் பல்லி வாத்தியார் என்பார்களாம். அவருக்கும் அது தெரியும் என்பது போன்ற முகம். அறை நிறையப் புத்தகம், ஜன்னலோரம் ஒரு மைக்ராஸ்கோப். நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்த தடம் மட்டும் சதுரமாக, சுற்றிலும் இருந்த சுண்ணாம்பைவிட வெளுப்பாகத் தெரிந்தது. ஆணி அப்படியே இருந்தது.

"அந்தப் பொண்ணு என்னைச் சந்தேகப்படறான்னு கேள்விப்பட்டேன்" என்றார். "நியாயம்தான். நானா இருந்தாலும் என்னைத்தான் சந்தேகப்படுவேன்."

"அவங்க அக்காவைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"வெள்ளிக்கிழமை. நீங்க உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலதான் உட்கார்ந்தா. அய்யா, உங்க நியூட்டுக்கு மேல இருக்கிறது தோல் இல்ல, அதைப் பதப்படுத்தின அன்னிக்கு அதோட சளி உறைஞ்சு படலமாப் படிஞ்சிருக்கு, ஒரு ஓரத்துல மெல்லமா விலக்கிப் பார்த்தேன், அடியில மரு இருக்குன்னா. கீழே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினா. நானும் பார்த்தேன். வரிசையா, அழகா இருந்துது. என் ஆயுசு முழுக்க நான் சளியைத் தோல்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

"கோபம் வரலையா?" என்றேன்.

"வெட்கம் வந்துது. அப்புறம் அவ ஒண்ணு சொன்னா. இதை நான் எழுதல, நீங்களே எழுதுங்க, நீங்க வச்ச பேரை நீங்களே எடுத்துடுங்க, அதுதான் உங்களுக்கு மரியாதைன்னா." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணைத் துடைக்கவில்லை. "எத்தனையோ பேருக்குப் பாடம் சொல்லியிருக்கேன். அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்ல. சனிக்கிழமை காலையில சுவத்துல இருந்த அந்த நியூட் படத்தை இறக்கிட்டேன். ஆணியைப் பிடுங்கக் கையில வலு இல்ல."

"அவங்க அப்படிச் சொன்னது வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுல சொல்லிடறேன்னு சொன்னா."

மேடம் போட்டோவை மேஜை மேல் வைத்தார். துணி ஈரமாக இருந்த விவரத்தைச் சொன்னார்.

"நான் அவளைக் கொன்னிருந்தா இதைக் காயவிட்டிருப்பேன்" என்றார் கிழவர். "காஞ்சா படலமும் தோலும் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். அப்புறம் அடியில என்ன இருக்குன்னு கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது. என் பேர் நிலைச்சிருக்கும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்ல. வீட்டுல படுத்துத் தூங்கினாப் போதும்."

என்னுடைய முடிந்துபோன கேஸ் அப்படியே கவிழ்ந்தது.

அவர் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அந்தச் செருகிய முனைகளையே பார்த்தார். "இது மியூசியக்காரன் கை இல்ல" என்றார்.

"வேற யார் கை?"

போட்டோவை மேடம் பக்கம் தள்ளிவிட்டார். "எனக்குத் தெரியும்னு தோணுது. ஆனா சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை மேல்தோலைப் பார்த்து ஏமாந்தவன் நான். நீங்களே பார்த்துக்குங்க."

கீழே இறங்கி மேடம் ஸ்டோர்கீப்பரிடம் ஒரு சாதாரண நியூட்டை இரவல் கேட்டார். அவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்ததைவிட அதிகமாகத் தயங்கினார். கடைசியில் ஜாடியோடு என் மடியில் வைத்தார். நான் காரில் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எங்க மேடம் போறோம்?"

"தங்கை வீட்டுக்கு."

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

மேடம் கியரை மாற்றினார். "நீயே யோசி. பேராசிரியருக்கு அது காயணும். ஒருத்தருக்கு மட்டும் அது ஈரமா இருக்கணும். வருஷக்கணக்கா மலையில தேடியும் வழுவழுப்பா ஒண்ணும் கிடைக்கல. கிடைக்காததுக்குக் காரணம் அந்த ஜாடிக்குள்ளதான் இருக்கு. அது போச்சுன்னா, தேடின வருஷமெல்லாம் வெறும் நடைதான்."

ஜாடிக்குள் நியூட் காரின் ஆட்டத்தில் மெல்ல அசைந்தது. எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை. அத்தான் விட்டுடுன்னு சொல்றார் என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

மாடி வீடு. வாசலில் சேறு காய்ந்த ரப்பர் பூட்ஸ், பக்கத்தில் நீளக் கைப்பிடி வைத்த வலை. ஹாலில் ஒரு பெரிய மேஜை; சாப்பிடுவதும் அதில்தான், வேலையும் அதில்தான் என்று தெரிந்தது. ஒரு பாதியில் தட்டுகளும் டம்ளர்களும். மறுபாதியில் பிளாஸ்டிக் டப்பாக்கள், நூல்கண்டு, ஒரு ஸ்பிரிட் பாட்டில், மடித்து அடுக்கிய வெள்ளைத் துணிகள். ஒரு நாற்காலியின் முதுகில் பெண்கள் போடுகிற ஸ்வெட்டர் ஒன்று அப்படியே கிடந்தது.

அத்தான் ஒல்லியான மனிதர். வெயிலில் கறுத்த முகம், தாழ்ந்த குரல். எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். ஸ்வெட்டர் கிடந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம்.

"பாப்பா, இவங்களுக்கு டீ போடும்மா" என்றார். தங்கை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மேடம் ஜாடியைத் திறந்தார். நியூட்டை விரலால் எடுத்து, மேஜையில் கிடந்த பழைய செய்தித்தாள் மேல் வைத்தார். "சும்மா, அடையாளத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த மாதிரி ஒண்ணைத்தான் அவங்க பார்த்துக்கிட்டிருந்தாங்களாமே?"

"இது ரொம்பச் சாதாரணமானது" என்றார் அவர், ஒரே பார்வையில். "ஓடைக்கு ஓடை இருக்கும்."

"அப்படியா." மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மேடம் சாய்ந்து நான் பார்த்ததில்லை. "உங்களுக்கும் அவங்களுக்கும் எப்படிப் பழக்கம்?"

அவர் சொன்னார். ஒரு ஓடையில் இரண்டு பேரும் ஒரே கல்லைப் புரட்டப் போய்ச் சண்டை வந்ததைச் சொன்னார். மேடம் இன்னொன்று கேட்டார். அவர் சொன்னார். செய்தித்தாளில் ஈரம் வட்டமாகப் பரவி, ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண் ஒரு தடவை நியூட்டைத் தொட்டுத் திரும்பியது. மேடம் அவசரமே இல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இழுப்பு வந்தா ரொம்பக் கஷ்டப்படுவாங்களா?"

"ரொம்ப. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருப்பா. நான் முதுகைத் தடவிக்கிட்டே இருப்பேன்."

சொல்லிக்கொண்டே அவர் கை ஒரு வெள்ளைத் துணியை எடுத்தது. ஸ்பிரிட் பாட்டிலைச் சாய்த்து நனைத்தது. "பஃப் எப்பவும் பக்கத்துலயே இருக்கணும் அவளுக்கு" என்றார். நியூட்டைத் தூக்கித் துணியின் நடுவில் வைத்தார். இந்தப் பக்கம் ஒரு மடிப்பு, அந்தப் பக்கம் ஒரு மடிப்பு. இரண்டு முனையையும் வயிற்றுக்கு அடியில் செருகினார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

தங்கை டீயோடு வந்து மேஜையருகில் நின்றாள்.

மேடம் அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் போட்டோவை வைத்தார். ஒரே ஆள் செய்த இரண்டு பொட்டலம். குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

"மியூசியத்துல யாரும் சுத்த மாட்டாங்களாம்" என்றார் மேடம். "மலையிலேர்ந்து பையில போட்டுக் கொண்டு வர்றவங்கதான் இப்படிச் சுத்துவாங்க போல."

"இது… இது எல்லாரும் செய்யறதுதான்."

"துணி திங்கட்கிழமை ஈரமா இருந்துச்சு. சாவியைச் சனிக்கிழமை எடுத்துக்கிட்டுப் போனீங்க. ஞாயித்துக்கிழமை அதே சாவியால திறந்து, துணியை நனைச்சு, சாவியை மேஜை மேல வச்சுட்டுக் கதவைச் சாத்திட்டு வந்தீங்க."

"அத்தான் மலையில இருந்தார் மேடம்" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் இருந்தது, மேடத்தின் மேல். "திங்கட்கிழமைதான் வந்தார். நான்தான் அவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். நீங்க சொல்லுங்க அத்தான்."

அவர் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கம் சொல்வது போல, "காஞ்சிருந்தா படலமும் தோலும் ஒட்டிக்கும் பாப்பா. அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது" என்றார்.

தங்கை டீத் தட்டை மேஜையில் வைத்தாள். கவனமாகத்தான் வைத்தாள், ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"சனிக்கிழமை என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

"கிழவரே எழுதட்டும்னு விட்டுட்டேன்னு அவ வெள்ளிக்கிழமை போன்ல சொன்னா. எனக்குத் தாங்கல. இறங்கி வந்தேன். அது நம்மளோடது, நான் நடந்த நடையெல்லாம் அதுல இருக்குன்னு சொன்னேன். அவ சிரிச்சா. கேலியா இல்ல, சும்மா. நான் அவ கையைத் தட்டி விட்டேன். கேன் கவிழ்ந்துடுச்சு." அவர் கைகளை மேஜை மேல் விரித்து வைத்தார். "அது வேணும்னு செய்யல. சத்தியமா வேணும்னு செய்யல. இழுப்பு வந்துடுச்சு. பையைக் காட்டினா. நான் வெளிய ஓடினேன். பையைத் திறந்தேன்."

"பஃப் மேலாகத்தான் இருந்திருக்கும்" என்றாள் தங்கை. "அக்கா எப்பவும் மேலாகத்தான் வைப்பா."

"கையில எடுத்தேன்."

"அப்புறம்?"

அவர் அவளைப் பார்த்தார். நான் அந்த முகத்தைப் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தேன். "கதவு தானா சாத்திக்கிச்சு. சாவி வெளியில கதவுலயே இருந்துச்சு. நான் வெளியிலேயே நின்னுட்டேன். உள்ள போகணும்னுதான் நின்னேன். எழுந்து வந்தா அதை அவர்கிட்ட குடுத்துடுவாளேன்னு ஒரு நினைப்பு வந்துது. அந்த ஒரு நினைப்புதான். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. பஃபைத் திரும்பப் பையில போட்டுட்டு, சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

மின்விசிறி சுற்றியது. செய்தித்தாளின் ஓரம் படபடத்தது. மேடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை எதுக்குத் திரும்பிப் போனீங்க?"

"தூக்கம் வரல. துணி காஞ்சுடும்னு… ஜாடியில போட்டா யாரோ வந்துட்டுப் போனது தெரிஞ்சுடும். அதனால நல்லா நனைச்சுச் சுத்தி வச்சேன்."

"அப்ப அக்கா எப்படி இருந்தா?"

"நான் அந்தப் பக்கம் பார்க்கல பாப்பா."

தங்கை நாற்காலியின் முதுகில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்தாள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மேஜையில் கிடந்த அந்தச் சின்னப் பொட்டலத்தைப் பார்த்தாள், செருகிய முனைகளை, வெளியே விட்டிருந்த மூக்கை. வெகுநேரம் பார்த்தாள்.

"அவ்வளவு துணி இருந்துச்சே அத்தான்" என்றாள். "அக்கா மேல ஒண்ணைப் போத்திட்டு வந்திருக்கலாமே."

அவர் கைகள் மேஜை மேல் அசைந்து, மிச்சமிருந்த துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்குபடுத்தத் தொடங்கின.

மேடம் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் வெளியே வந்து, சேறு காய்ந்த பூட்ஸ்களுக்குப் பக்கத்தில் நின்று, போலீஸுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என்ன விஷயம் என்று இரண்டு தடவை கேட்டார். விலாசத்தைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.